கடலூரில் என்ன இருக்கிறது?



"கடலூர்ல என்ன சாமி இருக்கு?" விடுமுறை நாளில் பக்கத்து ஊர் எதையாவது போய்ப் பார்த்து வரலாமே என்று சொன்னால் நம் பங்கில் கிடைக்கும் மறுமொழி இதுவே. கேட்பதற்குக் கேள்வி போல இருந்தாலும் இது கேள்வியன்று, தீர்ப்பு. ஊட்டிக்குப் போகலாம், கொடைக்கானலுக்குப் போகலாம், சீட்டுப் பணம் கைக்கு வந்தால் கோவாவுக்கும் போகலாம். கடலூருக்கு மட்டும் காரியம் இருந்தால்தான் போகவேண்டும். கலியாணம், துக்கம், வழக்கு இம்மூன்றும் இல்லாமல் அங்கே போய் வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தூரமோ இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

இதே தீர்ப்பை நசரேத்தூரைப் பற்றி நத்தானயேல் சொன்னதை நாம் அறிவோம். அவரிடத்தில் நாம் மெச்ச வேண்டியது யாதெனில், நேரில் வந்து பார்க்கும்படி நண்பர் அழைத்தபோது வாதாடிக்கொண்டு நிற்காமல் கூடவே நடந்தார் என்பதே.

இவ்வாரம் நாம் ஆராயவேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது: முன்னேற்பாடு எதுவுமின்றி, காலையில் மனதில் தோன்றியபடி குடும்பத்தோடு புறப்பட்டு, ஓர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவது வீண்பொழுதா, நற்செயலா? இரண்டாவது: பேர்பெற்ற ஊர்களை விட்டு, எவரும் பொருட்படுத்தாத ஊருக்குப் போவதில் ஒழுக்கத்தைச் சார்ந்த நன்மை ஏதேனும் உண்டா?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். உழைப்பே புண்ணியம், ஓய்வு அதற்குப் பின்வரும் பலவீனம் என்று எண்ணும் நல்ல மனிதர் பலர் உண்டு. ஆனால் வேதசாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. விளையாட்டிலும் வேடிக்கையிலும் அளவோடிருப்பது ஒரு தனிக் குணநலன் என்று அரிஸ்டாட்டில் கருதினார். 13ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் அதை ஏற்றுக்கொண்டு மேலும் விளக்கினார். அவர் எடுத்துக்காட்டும் பழங்கதை ஒன்றுண்டு. அர்ச். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்ட சிலர் இடறல்பட்டார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு எய்யும்படி அவனுக்குச் சொன்னார். அவனும் பலமுறை எய்தான். ஓயாமல் இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா என்று அவர் கேட்க, வில் முறிந்துபோகுமே என்றான் அவன். இடைவிடாமல் இறுக்கிப் பிடித்த மனமும் அவ்வாறே முறியும் என்றார் அருளப்பர். அர்ச். தோமாஸ் இதோடு நிற்கவில்லை. தானும் களிக்காமல், களிக்கும் பிறருக்கும் தடையாயிருப்பவனிடம் குறை உண்டு என்றும் தீர்த்துச் சொல்கிறார்.

ஆகவே ஓய்வு குற்றமன்று. எனினும், தோன்றியபடி புறப்படுவது விவேகத்துக்கு ஒத்ததா? மூன்று நிபந்தனைகளை இங்கே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் நோயாளியோ, கைவிட முடியாத முதியவரோ இருந்தால் அவரைத் தனியே விட்டுப் போகலாகாது. அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்பு எடுக்கலாகாது. கடன் வாங்கிச் செலவழிக்கலாகாது. இம்மூன்றும் தடையில்லாதபோது, சனிக்கிழமை காலையில் "வாங்க, போய்ட்டு வரலாம்" என்று தகப்பன் எழுந்து நிற்பதில் அவிவேகம் ஏதுமில்லை. மாறாக, அதில் ஒரு நன்மையும் இருக்கிறது.

ஆறு மாதம் திட்டமிட்டு, வட்டிக்கு வாங்கி, மலைவாசஸ்தலத்துக்குக் குடும்பத்தை அழைத்துப் போகிறவரின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாகச் சந்தோஷம் கிடைத்தாக வேண்டும். பிள்ளை சிணுங்கினால் கோபம் வருகிறது, மழை பெய்தால் மனைவிமேல் பழி விழுகிறது. ஏனெனில் மனதில் முன்பே எழுதிக்கொண்டுபோன படத்தோடு ஊரை ஒத்துப்பார்க்கவே அவர் போயிருக்கிறார். பேருந்துக் கட்டணத்தோடு முடிகிற ஒரு பகற்பொழுதுக்கு இந்தப் பாரம் இல்லை. மகிழ்ச்சி கிடைத்தால் அது லாபம். கிடைக்காவிட்டால் இரவு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். எதையும் எதிர்பாராமல் போகிறவனே வருவதைக் கண்ணால் காண்கிறான்.

இனி இரண்டாவது கேள்வி. அறியும் ஆசையை அர்ச். தோமாஸ் இரு வகையாகப் பிரிக்கிறார். அறியத் தக்கதை அறிவதில் ஊக்கம் காட்டுவது புண்ணியம். பெருமைக்காகவோ, வெறும் கண்ணின் பசிக்காகவோ தேடுவது குறை. பேர்பெற்ற ஊருக்குப் போகிறவர் எல்லாரும் இரண்டாம் வகையினர் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அங்கே போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்வதே பயணத்தின் பாதியாக இருப்பதை மறுக்க முடியாது. கடலூருக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் எவரும் வியக்கப்போவதில்லை. அப்படியானால் அங்கே போவதற்கு, அந்த ஊரை அறிவது ஒன்றே காரணமாக மிஞ்சுகிறது. எண்ணத்தைச் சுத்தப்படுத்த இது எளிய வழியன்றோ?

சரி, அங்கே அறியத் தக்கது உண்டா? கொஞ்சம் கேளுங்கள். 1690இல் இங்கிலீஷ் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் கோட்டையோடு சேரும் என்பது உடன்பாடு. அப்படிச் சேர்ந்தவை குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. அதுவே டேவிட் கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது தென்னிந்தியாவில் இங்கிலீஷாரின் தலைமையிடம் கடலூருக்கு வந்தது. 1758இல் நம் புதுச்சேரியிலிருந்து படையெடுத்துப்போன லாலி அக்கோட்டையைப் பிடித்து இடித்துப்போட்டார். அதற்கு மறுமொழி மூன்றாண்டுக்குள் வந்தது. 1761இல் இங்கிலீஷார் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாழாய்க் கிடந்த நகரத்தை 1765இல் திரும்பப் பெற்று எழுப்ப வந்த ஆளுநர் லா தெ லோரிஸ்தோன். அவர் பெயரால்தான் நம் லாஸ்பேட்டை வழங்குகிறது. நாம் நாள்தோறும் எழுதும் விலாசத்துக்குக் காரணமான சம்பவங்களின் ஒரு முனை தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் இருக்கிறது. சுஃப்ரேன் வீதியில் நடக்கிறோமே, அந்தத் தளபதி 1783 ஜூன் 20ஆம் நாள் இங்கிலீஷ் கப்பற்படையோடு பொருதியதும் கடலூருக்கு எதிரேயுள்ள கடலில்தான்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்ததை நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அவர் வாழ்ந்த இல்லத்தைக் காண வெளியூரார் வந்துகொண்டேயிருக்கிறார்கள். 1918 நவம்பர் 20ஆம் நாள் அவர் எல்லையைக் கடந்தபோது கைதுசெய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைக்கப்பட்டிருந்தார் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? தமிழ்ச் சிறுகதையின் பெரியவர்களான புதுமைப்பித்தன் 1906இலும், ஜெயகாந்தன் 1934இலும் பிறந்த ஊர் கடலூரே. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரை சேர்ந்த இடமென்று நம் சைவச் சகோதரர் போற்றும் திருப்பாதிரிப்புலியூரும் அங்கேதான். பேருந்தை விட்டு இறங்குமிடமே அது.

ஆனால் சரித்திரம் மாத்திரம் காரணமாயிருந்தால் ஒரு புத்தகம் போதும், போகவேண்டியதில்லை. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு.

கடலூர் மக்கள் நம்மை அறிவார்கள். கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு விடியற்காலையிலேயே சீட்டையும் சோற்றுப் பாத்திரத்தையும் சுமந்து வந்து வரிசையில் நிற்கிறவர்களில் அம்மாவட்டத்தார் அநேகர். அவர்கள் நம் ஊருக்கு வருவது தேவையோடு. நாம் அவர்கள் ஊரை நினைப்பதோ, வானொலியில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதென்று கேட்கும்போது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம்மையும் அவர்களையும் சேர்த்தே அடித்தது. 2015இல் வெள்ளம் வந்தது. அந்நாட்களில் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல காரியம், அதன் பலன் அவர்களுக்கு உண்டு.

எனினும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு சுற்றத்தார் துக்கத்துக்கு மட்டுமே வருகிறார். வந்து பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல நாளில் ஒருமுறைகூட உங்கள் வாசலை மிதித்ததில்லை, உங்கள் கையால் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. அவருக்கு நீங்கள் நன்றி சொல்வீர்கள். ஆனால் உள்ளே ஒரு மூலையில் மனம் நோகாதா? கொடுப்பவராக மாத்திரம் ஒருவரிடம் போவது அவரைச் சமமாக மதிப்பதாகாது. விருந்தாளியாகவும் போகவேண்டும். அவர் கடையில் தேநீர் வாங்கிக் குடித்து, வழி கேட்டு, அவர் சொல்லும் பக்கம் நடந்து, அவர் ஊர் மீனின் ருசியை அவர் வாயாலேயே கேட்டு வரவேண்டும். தேவையும் ஆபத்தும் இல்லாத சாதாரண நாளில் போகிறவனே அயலானை அயலானாகக் காண்கிறான். சும்மா போவதன் பிரயோஜனம் இதுவே. காரியம் எதுவும் இல்லாதபோதுதான் மனிதர் கண்ணில் படுகிறார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபணை எழலாம். கவனிக்கப்படாத ஊர் என்று சொல்லிக்கொண்டு போவதே ஒருவிதக் கர்வமன்றோ? நாம் போய்ப் பார்த்தால்தானா அந்த ஊருக்கு மதிப்பு? நியாயமான ஆட்சேபணைதான். கடலூர் நமக்காகக் காத்திருக்கவில்லை. பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குத் தலைநகராயிருந்த ஊர் அது. 2021இல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. அங்கே மீன் ஏலம் போகிறது, பள்ளி மணி அடிக்கிறது, கலெக்டர் கச்சேரியில் மனுக்கள் குவிகின்றன. நாம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஊரின் வாழ்வு நடந்துகொண்டுதான் இருக்கும். போவதனால் மாறவேண்டியது அந்த ஊரன்று, நம் பார்வை. இரக்கப்பட்டுப் போவதாயிருந்தால் போகாமலிருப்பதே மேல்.

இந்த நியாயம் லாஸ்பேட்டையில் இருக்கிற நமக்கு மற்றவரைவிட நன்றாக விளங்கவேண்டும். வாரக் கடைசியில் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரையையும் மஞ்சள் சுவர் வீதிகளையும் பார்த்துவிட்டு ஆரோவில்லுக்குப் போகிறார்கள். விமான நிலையம் நம் பேட்டையில்தான் இருக்கிறது. இறங்குகிறவர் எவரும் நம் தெருவுக்குள் திரும்பிப் பார்ப்பதில்லை. லாஸ்பேட்டையில் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? காட்டுவதற்கு மாளிகை இல்லை. ஆனாலும், இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வீர்கள் அல்லவா? கடலூரில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் அதே பதில்தான்.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். எல்லாம் அழகாயிருக்கும் என்று ஆசை காட்டவேண்டாம். வெயில் கடுமையாயிருக்கும், தெருவில் புழுதி பறக்கும், கெடிலம் ஆற்றில் சில இடங்களில் குப்பையும் சாக்கடையும் கண்ணில் படும். கோட்டை என்று கேட்டுப் போனால் மிஞ்சியிருப்பது சிதைந்த பகுதிகளே. அவற்றையும் பார்க்கட்டும். பின்னர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிடுங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகப் பேருந்துகள் நாள்முழுதும் ஓடுகின்றன. 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கும்வரை அவ்வழியில் வேறோர் அரசின் எல்லை இருந்தது. இன்று நம்மைத் தடுக்கும் சாவடி எதுவுமில்லை.

நம் அதிமேற்றிராசனத்துக்கு 1953 முதல் புதுவை கடலூர் என்று பெயர். அறிக்கைகளிலும் அழைப்பிதழ்களிலும் அப்பெயரை வாய்விட்டு வாசிக்கிறோம். முதற்சொல்லைச் சொல்லும்போது நமக்குத் தெருவும் முகங்களும் நினைவுக்கு வருகின்றன. இரண்டாம் சொல்லுக்கும் ஒரு தெருவாவது, ஒரு முகமாவது நினைவுக்கு வரும்படி செய்துகொள்வது நம்மால் ஆகாத காரியமன்று. மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளும் இடங்கொடுக்குமானால், வரும் சனிக்கிழமையே நல்ல நாள்.