அறிந்தவரும் அறியாதவரும்

நம்மவர் வீடொன்றில் கணவனும் மனைவியும் பிரிகிறார்கள் என்றால், "ஆர் நடுவிலை நிண்டு கதைச்சது?" என்ற கேள்விதான் முதலில் எழும். ஊரில் அந்த நடுவாளர் தாய்மாமனாக இருந்தார். அல்லது பள்ளிக்கூட மாஸ்டராக, கோயில் தர்மகர்த்தாவாக இருந்தார். மெல்பேர்னிலும் சிட்னியிலும் அந்த இடத்துக்கு நீதிமன்றம் நியமித்த, நாம் முன்பின் கண்டிராத ஒருவர் வந்துவிட்டார். அறிந்தவர் தீர்ப்பது நீதியா, அறியாதவர் தீர்ப்பது நீதியா?

அமெரிக்காவிலும் இப்படியானவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர்: 'ஸ்பெஷல் மாஸ்டர்'. சொத்துச் சிக்கல் நிறைந்த விவாகரத்து வழக்குகளில் கணக்குகளைக் கிளறிப் பார்க்கவும், சாட்சிகளைக் கேட்டு அறிக்கை தரவும் நீதிபதி அவரை நியமிப்பதுண்டு. அவுஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றத்தில் அப்பெயரில் எவரும் இல்லை. ஆனால் அந்த வேலை பலரிடம் பிரிந்து கிடக்கிறது. வீட்டுக்கோ கடைக்கோ பெறுமதி சொல்ல இரு தரப்புக்கும் பொதுவான ஒரே நிபுணர், பெற்றோரையும் பிள்ளைகளையும் சந்தித்துக் குடும்ப அறிக்கை எழுதுபவர், பிள்ளைகளின் நலனுக்கென நியமிக்கப்படும் சுயாதீனச் சட்டத்தரணி, சில கட்டளைகளை இடும் அதிகாரம் பெற்ற பதிவாளர் என்று அந்த வரிசை நீளும்.

இத்தனை பேர் ஏன் தேவைப்பட்டார்கள்? நாம் விட்டு வந்த இலங்கைச் சட்டம், விவாகரத்துக் கேட்பவரிடம் மற்றவரின் சோரத்தையோ கைவிட்டுச் சென்றதையோ நிரூபிக்கச் சொன்னது. 1975இல் நிறைவேறி 1976 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்நாட்டுக் குடும்பச் சட்டமோ யார் குற்றவாளி என்ற கேள்வியையே கைவிட்டது. பன்னிரண்டு மாதம் பிரிந்து வாழ்ந்தால் போதும். குற்றம் போனபின் மிஞ்சுவது கணக்கும் பிள்ளைகளும். உழைத்த டொலரை மட்டுமல்ல, சமைத்ததையும் பிள்ளை வளர்த்ததையும்கூட நீதிபதி நிறுத்துப் பார்க்க வேண்டும். மேசையில் இருந்தபடி அவர் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு இன்னொருவரின் கண் தேவைப்படுகிறது.

இது நமக்கு முற்றிலும் புதிதுமல்ல. யாழ்ப்பாணத்தில் காணிப் பிரிவினை வழக்குக்குப் போனவர்களுக்கு, நீதிமன்றம் கொமிசன் கொடுத்து அனுப்பும் நில அளவையாளரைத் தெரியும். அவர் வேலியையும் கிணற்றையும் அளந்து வரைபடத்தில் குறித்துக் கொடுப்பார். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்வது நீதிபதி. ஆனால் காணியைச் சங்கிலி பிடித்து அளக்கலாம். ஒரு குடும்பத்தை எதைப் பிடித்து அளப்பது?

எம்மோடு ஒரே சமையலறையில் பல வருடம் கோப்பை கழுவிய நண்பர் ஒருவருக்கு இந்தக் கேள்வி கோபமாகவே வந்தது. "ரெண்டு மணித்தியாலம் கதைச்சுப்போட்டு என்ரை பதினாலு வருசத்தை எழுதியிருக்கிறா" என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளையை 'வெருட்டினனான்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை உரைபெயர்ப்பாளர் 'அச்சுறுத்தினேன்' என்று சொன்னால், ஒரு தகப்பனின் முகமே மாறிவிடுகிறது. பொது நிபுணரின் கட்டணத்தில் சரிபாதி வேறு, கோப்பை கழுவும் கையிலிருந்து போகிறது.

தான் நல்ல தகப்பன் என்று ஒரு சத்தியக் கடதாசி தரும்படி அவர் எம்மிடம் கேட்டார். நாம் அறிந்தவர்கள் அல்லவா? பிள்ளைகளுக்காக அவர் இரட்டை வேலை செய்ததை அறிவோம். வாசலில் அவர் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் மூத்த பெண் ரெலிவிசனை நிறுத்திவிட்டு அறைக்குள் போய்விடுவதையும் அறிவோம். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து எத்தனையோ முறை அதைப் பார்த்தோம். ஏன் என்று ஒருமுறையும் பிள்ளையிடம் கேட்டதில்லை. "பிள்ளையிட்டை இதையெல்லாம் ஏன் கேட்டவ?" என்று நண்பர் வெகுண்டபோதுதான், முன்பின் தெரியாத ஒருத்தி அதை இரண்டு மணித்தியாலத்தில் கேட்டுவிட்டாள் என்பது எமக்கு உறைத்தது.

அப்படியானால் அறியாதவர்தான் மேலானவரா? அப்படியும் சொல்ல முடியாது. வேறுபாடு அறிவதில் இல்லை, பதில் சொல்வதில் இருக்கிறது. குடும்ப அறிக்கை இரு தரப்பின் கைக்கும் போகிறது. எழுதியவரைக் கூண்டில் ஏற்றி, 'வெருட்டு' என்ற சொல்லைப் பற்றியும் குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிபதி அந்த அறிக்கைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. 1991இல் ஹாரிஸ் எதிர் கலடைன் வழக்கில் இந்நாட்டின் உயர் நீதிமன்றம் இதையொத்த ஒன்றையே சொன்னது: குடும்ப நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம், ஆனால் அவர் முடிவை நீதிபதி ஒருவர் மீண்டும் புதிதாக விசாரிக்க வழி இருக்க வேண்டும். பிள்ளைகளின் சட்டத்தரணி பிள்ளை சொன்னபடி நடக்கக் கடமைப்பட்டவர் அல்ல. எனினும் 2024 மே மாதம் முதல், ஐந்து வயதை எட்டிய பிள்ளையை அவர் நேரில் சந்திக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிள்ளை விரும்பாவிட்டாலோ விசேட காரணம் இருந்தாலோ மட்டுமே விலக்கு.

ஊர் மாஸ்டரை இப்படி யார் கேட்டார்கள்? "பொறுத்துப் போ பிள்ளை" என்று அவர் திருப்பி அனுப்பிய பெண்கள் எத்தனை பேர்! அந்தத் தீர்ப்பு கடதாசியில் ஏறவில்லை. அதனால் அதற்கு எதிராக மேன்முறையீடும் இருக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. நாளைக்கும் அதே கோயில் வீதியில் இரண்டு குடும்பத்தையும் பார்க்க வேண்டியவர்.

நாமும் அப்படித்தான். நாம் அந்தச் சத்தியக் கடதாசியை எழுதவில்லை. இரட்டை வேலையை மட்டும் எழுத மனம் ஒப்பவில்லை. ரெலிவிசனையும் சேர்த்து எழுதத் துணிவு வரவில்லை. நண்பர் எம்மோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதை நடுநிலை என்று சிலகாலம் எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அந்நியர்கள் நம் வீட்டுக்குள் வந்து நம்மை அளக்கிறார்கள் என்று குறைப்படும் போதெல்லாம், அந்த மேசையில் எமக்கு முன்னால் இருந்த சோற்றுக் கோப்பைதான் நினைவுக்கு வருகிறது.