குற்றமா, படிப்பினையா?

விமானம் ஓட்டப் பழகும் மாணவன் தரையிறங்கும்போது விமானத்தை முறித்துவிட்டால், நாம் முதலில் கேட்க வேண்டியது எது? "யார் குற்றம்?" என்பதா, "எப்படி நேர்ந்தது?" என்பதா? முதற் கேள்வி வாயை அடைக்கும். இரண்டாவது வாயைத் திறக்கும்.

விபத்தின் தன்மையைப் பார்ப்போம். 1955-இல் முதன்முதல் பறந்த செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில்தான் பலரும் பழகுகின்றனர். அதற்கு மூன்று சக்கரங்கள். பின்னுள்ள இரண்டும் வலுவானவை. அவையே முதலில் தரையைத் தொட வேண்டும். மூக்கின் கீழுள்ளது அவ்வளவு வலுவற்றது. மாணவன் வேகம் மிகுந்து வந்து மூக்குச் சக்கரத்தை முதலில் மோதவிட்டால், விமானம் பந்துபோல் எழும்பும். பயந்து மூக்கைக் கீழே அழுத்துவான். முன்னிலும் பலமாக மோதும். இப்படி இரண்டு மூன்று முறை துள்ளினால் மூக்குக் கால் ஒடிந்து, காற்றாடி தரையில் அடிபடும்.

பரிகாரம் எளியது: எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் இறங்க வருவது. ஆனால் "இம்முறை சரியாக வரவில்லை" என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டுமே! மனிதனுக்கு அதுதானே கஷ்டம்.

பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் அவர் முன்னும் ஒரு பிடி உண்டு. அவர் முந்திக் கைவைத்தால் மாணவன் கற்கமாட்டான். பிந்தினால் விமானம் முறியும். குற்றத்தை யார் தலையில் கட்டுவது?

1944-ஆம் வருஷத்துச் சிகாகோ ஒப்பந்தத்தின் 13-ஆவது இணைப்பு இதற்கு வழி காட்டுகிறது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்கிறது. குற்ற விசாரணை இருந்தால் அது தனியே நடக்க வேண்டுமாம்.

"அப்படியானால் நீதி எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் கடையையே பாருங்கள். கைதவறி எண்ணெய் கொட்டிய பையனை அடித்தால், மறுமுறை கொட்டும்போது சாக்கைப் போட்டு மறைப்பான். கணக்கு முடிக்கையில் சரக்குக் குறையும், காரணம் தெரியாது. டின் வைத்த பலகை ஆடியதும் தெரியாது.

ஆகவே கைதவறியவனையும், வேண்டுமென்றே விதி மீறியவனையும் ஒரே கல்லால் நிறுக்கலாகாது. முன்னவனுக்குப் பயிற்சி, பின்னவனுக்குத் தண்டனை. மறைத்தவன் குற்றமோ பெரிது. அடிபட்ட சக்கரத்தைச் சொல்லாமல் விமானத்தைக் கொட்டகையில் விட்டுப் போனால், மறுநாள் ஏறுகிறவனின் உயிரல்லவா பணயம்? ஆனால் உண்மை சொன்னவனை நேற்று அடித்த எஜமானுக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு.