வேண்டாம் வேறு, சீ வேறு

அப்பாவுக்குச் செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றலானபோது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கமாட்டார்கள். ஊர்க்கோடியில் இருந்த வகுப்புத் தோழன் வீட்டுக்கு நான் போய்வருவதை அம்மா தடுத்ததில்லை. "கண்டதை வாயில போட்டுக்கிட்டு வராதே" என்று மட்டும் சொல்லி அனுப்புவாள்.

ஐப்பசியில் ஒரு நாள் மழை கொட்டித் தீர்த்து, பொழுது சாய்ந்ததும் வெறித்தது. அன்று ராத்திரி அவர்கள் கொல்லைப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியிருக்கிறது. புற்றைத் தழையால் மூடி ஒரு பக்கம் மட்டும் வழி விடுவார்களாம். அந்த வாயில் ஒரு குழி, குழிக்கு மேலே அரிக்கேன் விளக்கு. வெளிச்சத்தைத் தேடி வருகிறவை குழிக்குள் விழுந்துவிடும். மறுநாள் நான் போனபோது அவன் அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். இறகுகள் தனியே பிரிந்து வாசலெங்கும் பறந்தன. பிறகு மண்சட்டியில் வறுத்தார். எண்ணெய் ஊற்றவில்லை, அதன் கொழுப்பிலேயே அது வறுபட்டது. தனியாக வறுத்து வைத்திருந்த அரிசியும் உப்பும் மிளகாய்த்தூளும் சேர்ந்தன. நெய்யும் வறுத்த கடலையும் கலந்தாற்போல் ஒரு வாசம் எழுந்தது. அந்த வாசம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

"கொஞ்சம் தின்னு பாரு கண்ணு, சூடா இருக்குது" என்று கிண்ணத்தை நீட்டினார்.

எட்டிப் பார்த்தேன். "சீ" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "புடிக்கலன்னா வுடு கண்ணு" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எழுந்துபோய்த் தொட்டியோரம் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பரணிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துவந்து கொடுத்தார். நான் உரித்துத் தின்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "அவங்க எதிர்லயா சொன்னே?" என்றாள். ஆமாம் என்றேன். "வேணாம்னு சொல்லத் தெரியாதா உனக்கு?" அதற்குமேல் அன்று என்னோடு பேசவில்லை. வாழ்நாள் முழுக்க முட்டைகூடத் தொடாதவள் அவள்.

அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. உண்ண மறுப்பது யாருக்கும் உள்ள உரிமை. அதற்குக் காரணம்கூடச் சொல்லவேண்டியதில்லை. பல சமயம் காரணம் நம் கையிலும் இல்லை. 1931இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் சோதனைச்சாலையில் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. சிலர் நாக்கு அந்தக் கசப்பை அறியும், சிலர் நாக்கு அறியாது, அது பிறவியிலேயே வருவது என்று பின்னால் தெரிந்தது. பாகற்காயைத் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளையை அடம் பிடிக்கிறது என்று அடிப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்வது நல்லது. அதன் நாக்கில் விழுவது நம் நாக்கில் விழும் அதே கசப்புத்தானா என்று நமக்கு எப்படித் தெரியும்?

கொள்கைக்காக மறுப்பவர்கள் இன்னொரு வகை. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. செஞ்சி வட்டாரத்திலேயே, மேல்சித்தாமூர் மடத்தைச் சுற்றிய ஊர்களில், தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நூற்றாண்டுகளாக வாழ்கின்றன. விளக்கில் விழும் பூச்சியும் உயிர்தான் என்பதால் பொழுது சாய்ந்தபின் உண்ணாத பெரியவர்கள் அவர்களிடையே உண்டு. அவர்கள் ஒதுங்கும் அதே விளக்கைத்தான் என் தோழன் வீட்டார் ஈசலுக்காகக் குழிமேல் வைத்தார்கள். இரண்டும் ஒரே மண்ணின் வழக்கம். ஒருவர் வழக்கம் மற்றவர் வாசலில் போய் நின்று வசைபாடாதவரை இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

திவசச் சமையலைப் பாருங்கள். பிராமண வீடுகளில் அன்றைக்கு மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் அடுப்படிக்கே வராது. இவையெல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 1498க்குப் பிறகு கப்பலேறி வந்த ஐரோப்பியர் வழியாக நம்மை அடைந்தவை. முன்னோர்கள் அறியாததை அவர்களுக்குப் படைப்பதில்லை என்ற கணக்கு. இத்தனை நூற்றாண்டு ஆகியும் அந்த ஒரு நாளில் மிளகாய் வெளியாள்தான். ஆனால் மிளகாயை யாரும் திட்டுவதில்லை. மறுநாள் அதே அடுப்பில் மிளகாய் கிள்ளித் தாளிக்கிறார்கள். மறுப்பு இவ்வளவு சாதுவாகவும் இருக்கமுடியும்.

"சீ" வேறு சாதி. அது பண்டத்தோடு நிற்பதில்லை, அதைத் தொட்ட கைக்கும் போகிறது. இதை ஆராய்ந்தவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பால் ரோசின். கிருமி நீக்கிய செத்த கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டு, குடிக்கிறீர்களா என்று கேட்டார். பூச்சியால் கெடுதல் இல்லை என்று தெரிந்தும் குடிக்க மனம் வரவில்லை. 1986இல் அவரும் சக ஆய்வாளர்களும் இதை வெளியிட்டார்கள். பட்டாலே தீட்டு என்று மனித மனம் எங்கேயும் எண்ணுகிறது என்பது அதன் சாரம். தீட்டு என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லித்தர நமக்கு அமெரிக்கப் பேராசிரியர் வேண்டியதில்லை. இங்கே அந்த அருவருப்பு மனித உடம்பின்மேல் சாய்ந்து சட்டமாகவே உறைந்துவிட்ட கதை நமக்குத் தெரியும். அந்த அம்மா சாம்பல் போட்டுக் கை கழுவினாரே, அதற்கு என் ஒரு எழுத்து போதுமானதாக இருந்தது. அவர் அருவருக்கவில்லை, என் அருவருப்புக்காகக் கழுவினார்.

நம் பழைய இலக்கியத்தில் இந்த ஓரெழுத்தின் நிழல்கூட விழாத ஒரு நூல் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும்படி ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியெல்லாம் சாப்பாடுதான். எயினர் குடியிருப்பில் நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியல் கிடைக்கும், இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும், அந்தணர் வீட்டில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும், வலைஞர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும். ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தும் சொல் எதுவும் இல்லை. இந்த ஊரில் இது கிடைக்கும், போ, அவ்வளவுதான். பசித்து நடக்கிறவனின் பட்டியல் அது என்பதால் இப்படியா, அல்லது அன்றைய கண்ணே அப்படியா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். உடும்பின் வறையையும் மாவடுவையும் ஒரே கவனத்தோடு விளக்கி உரை எழுதினார் நச்சினார்க்கினியர். சுவடியிலிருந்து 1889இல் அச்சேற்றினார் உ.வே.சாமிநாதையர். சாமிநாதையர் தன் இலையில் உடும்பை ஏற்றிருக்கமாட்டார். ஏட்டில் ஒரு எழுத்தைக்கூட விட்டுவிடவும் இல்லை.

இதைவிடக் கடினமான உதாரணம் வள்ளலார். புலால் உண்பதை அவர் அளவுக்குக் கண்டித்தவர் தமிழில் குறைவு. உயிர்க்கொலையும் ஊனுணவும் உள்ளவர்களைத் தன் கூட்டத்தார் அல்லர், புறத்தார் என்றே பிரித்துச் சொன்னார். இவ்வளவு கறாரான மனிதர் அடுத்தபடியாக, அவர்களுக்கும் பசி தீர்த்தாக வேண்டும் என்றார். 1867 மே 23 அன்று வடலூர்த் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. வந்தவர் நேற்று என்ன தின்றார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தப் பிரிவினைச் சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கொள்கை தளராமலேயே அன்னம் இடலாம் என்பதற்கு அந்த அடுப்பைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அரசாங்கமும் ஒருமுறை இதைச் சரியாகச் செய்திருக்கிறது. சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரே பந்தியில், ஒரே நேரத்தில், ஏன் என்ற விசாரணை இல்லாமல். கர்நாடகத்தில் 2021இல் சில மாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தார்கள். அங்கேயும் வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம் இருந்தது. என் பிள்ளைக்கு வேண்டாம் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை, எவர் பிள்ளைக்கும் கூடாது என்றார்கள். சென்னையில் "சைவம் மட்டும்" என்று வாடகைப் பலகை தொங்கவிடுகிறவர்களிடமும் இதே மீறல்தான். வீடு உங்களுடையது என்பது சரி. அடுத்தவன் அடுப்புமா?

சீ என்பதால் வரும் கேடு சொன்னவனுக்கு அவ்வளவாக இல்லை. கேட்டவர் அதை விழுங்கிவிடுகிறார், அங்கேதான் அது வேலை செய்கிறது. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது ஜன்னலைச் சாத்துகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். என் தோழன் அந்த ஈசல் நாளுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் தூக்குப்போசியை முழுக்கத் திறந்ததே இல்லை. மூடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, உள்ளேயே விரலால் கேழ்வரகுக் களியைப் பிட்டுச் சாப்பிடுவான். களியை நான் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியதும் இல்லை. அந்தக் கேழ்வரகைத்தான் 2023இல் உலகமே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. இப்போது பளபளக்கும் பொட்டலத்தில், அரிசியைவிட அதிக விலைக்கு, மருத்துவர் சொன்னார் என்று வாங்குகிறோம். பண்டத்தின் மானம் திரும்பிவிட்டது. மூடியைச் சாய்த்துப் பிடித்த பையனுக்கு அது எந்தக் கடையில் கிடைக்கும்?

மரவள்ளிக்கிழங்கின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பயிரிடச் செய்து பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பான் வசமாகி அரிசி வரத்து நின்றபோது அந்தச் சீமையில் பல வயிறுகளை நிரப்பியது அந்தக் கிழங்குதான். பஞ்சம் தீர்ந்ததும் அது ஏழை வீட்டுத் தீனியாயிற்று. அதே கிழங்கு சேலத்து ஆலைகளில் வெள்ளை மணியாகி ஜவ்வரிசிப் பாயசமாக வந்தால் பந்தி இலையில் இடம் கிடைக்கிறது. இரண்டாம் முறை கேட்டும் வாங்கிக்கொள்கிறோம்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகச் செஞ்சி போயிருந்தபோது அந்த ஊருக்கும் போனேன். தோழன் திருப்பூரில் இருக்கிறான். அவன் அம்மா வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். என் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், இல்லை என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு நானாகவே ஈசல் பேச்சை எடுத்தேன். அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன் அம்மா, என்றேன். அவருக்கு நினைவில்லை, அல்லது நினைவில்லை என்று சொன்னார். புற்று இருந்த கொல்லையைப் பிளாட் போட்டு விற்றாகிவிட்டதாம்.

உள்ளே போனில் விளையாடிக்கொண்டிருந்த பேரன், பத்து வயதிருக்கும், தலையைத் தூக்கினான். "ஈசல் துன்னுவீங்களா ஆயா? சீ."

அவர் சிரித்தார். "புடிக்கலன்னா வுடு கண்ணு" என்றார், அவனைப் பார்த்து. நான் வாசலைப் பார்த்தேன்.