தெய்வம் நின்று கொல்லுமா? நியூயிங்டன் கொலைவழக்கும் வினைக் கோட்பாடும்

குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை நீதிமன்றம் விடுவிக்கும்போது அது சான்றின் போதாமையைச் சொல்கிறதே தவிர, அவர் அச்செயலைச் செய்யவில்லை என்று அறுதியிட்டுச் சொல்வதில்லை. சட்டத்துக்கு இந்த அளவு போதும். ஆனால் செய்தவன் பயனை நுகர்ந்தே தீருவான் என்ற வினைக் கோட்பாட்டில் ஊறிய சமூகத்துக்கு இது போதுவதில்லை என்பதால், ‘அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்’ என்ற பழமொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விடுதலையானவர் வாழ்வில் பின்னாளில் நேரும் ஒவ்வொரு இழப்பையும் தாமதமாக வந்த தண்டனையாக அது வாசிக்கத் தொடங்குகிறது. அப்படி வாசிக்கும் உரிமையை வினைக் கோட்பாடு மனிதருக்கு உண்மையிலேயே தருகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தில், விடுதலைக்குப் பின்னும் நீங்காத இத்தகைய ஐயம் பலமுறை பெண்களைச் சுற்றி எழுந்தது. 1886இல் லண்டனில், கணவரைக் குளோரோஃபார்ம் கொடுத்துக் கொன்றதாக அடிலெய்ட் பார்ட்லெட் விசாரிக்கப்பட்டார். இறந்தவரின் இரைப்பையில் குளோரோஃபார்ம் ஏராளமாக இருந்தது. ஆனால், பட்ட இடத்தையெல்லாம் புண்ணாக்கும் அந்தத் திரவம் வாயிலும் தொண்டையிலும் எரிந்த தடம் எதையும் விட்டிருக்கவில்லை. அது உள்ளே சென்ற வழியை யாராலும் விளக்க முடியாத நிலையில், பலத்த சந்தேகம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட குடிமக்கள் குழுவினர், அவரை விடுவித்தனர். வழக்கு முடிந்துவிட்டது, இனி அறிவியலின் நன்மைக்காகவாவது அதை எப்படிச் செய்தாள் என்று அந்தப் பெண் சொல்லலாமே என்று ஜேம்ஸ் பேஜெட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் கூறியதாக ஒரு பேச்சு இன்றுவரை வழங்கிவருகிறது. அதில் நகைச்சுவை இருக்கிறது. ‘செய்தாள்’ என்ற முடிவும் மறைந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கில் தாமே சாட்சிக் கூண்டேறிப் பேசும் பொது உரிமை இங்கிலாந்தில் 1898இல்தான் வந்தது என்பதால், அந்தப் பெண்ணைப் பற்றி நீதிமன்றத்தில் எல்லாரும் பேசினர், அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. ஸ்காட்லாந்திலோ, காதலனுக்கு ஆர்செனிக் கொடுத்ததாக 1857இல் விசாரிக்கப்பட்ட மேடலின் ஸ்மித்துக்கு, குற்றவாளி என்றும் சொல்லாமல் குற்றமற்றவர் என்றும் சொல்லாமல் ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்ற மூன்றாம் வகைத் தீர்ப்பு வழங்கப்பட்டது.

திருநெல்வேலிச் சீமைக்கு நெருக்கமான வழக்கு சற்றுப் பிற்காலத்தது. வயது நிரம்பாத ஜமீன் வாரிசுகளை அரசின் பாதுகாப்பில் வைத்துப் படிக்கவைத்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அமைப்பின் கீழ், சென்னைத் தேனாம்பேட்டை நியூயிங்டன் மாளிகையில் ஒரு கல்விநிலையம் நடந்துவந்தது. அதன் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே 1919 அக்டோபரில் ஓர் இரவு தம் படுக்கையிலேயே சுடப்பட்டு இறந்தார். ஐயம் இரண்டு மாணவர்கள் மீது விழுந்தது. ஒருவர் கடம்பூர் ஜமீனையும், மற்றவர் தாமிரபரணிக் கரைக்கு அருகிலுள்ள சிங்கம்பட்டி ஜமீனையும் சேர்ந்தவர். சிங்கம்பட்டி இளைஞர் அப்ரூவர் ஆனார், அதாவது மன்னிப்புப் பெற்றுக்கொண்டு அரசுத் தரப்பில் சாட்சி சொல்பவரானார். கடம்பூர் இளைஞர் மீதான வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே அவர் விடுதலையானார். கொன்றவர் யார் என்பது சட்டத்தின் கண்ணில் இன்றும் முடிவாகாத ஒன்று. முதல்வர் தமிழர்களை இழித்துப் பேசியதே காரணம் என்று ஒரு பேச்சும், அவருடைய மனைவி டோரதியை மாணவர்களோடு இணைத்து மற்றொரு பேச்சும் பரவின. டோரதி மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை.

சான்றின் தகுதி பற்றிச் சைவ சித்தாந்தம் சொல்வது இங்கே கருதத்தக்கது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் ‘அளவை’யிலிருந்து, அதாவது ஒன்றை அறிவதற்கான கருவிகள் எவை என்ற ஆராய்ச்சியிலிருந்து தொடங்குகிறது. அந்நூலுக்கும் சிவஞான போதத்துக்கும் உரை கண்ட சிவஞான முனிவர், சிங்கம்பட்டிக்கு அருகே பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். காண்டல், கருதல், உரை என்ற மூன்றும் தலைமையான அளவைகள். காண்டலிலேயே, எதிரே நிற்பது மரக்கட்டையோ ஆளோ என்று தடுமாறும் ஐயக்காட்சியும், ஒன்றை வேறொன்றாகக் கொள்ளும் திரிவுக்காட்சியும் தனியே பிரித்து விலக்கப்படுகின்றன. உரை என்பது குற்றமற்ற, நம்பத்தக்க மூலத்திலிருந்து வரும் சொல். தன் தலை தப்புவதற்காகப் பேசும் அப்ரூவரின் வாக்குமூலம், அது மெய்யாகவே இருந்தாலும், அந்தத் தகுதியைத் தானாகப் பெற்றுவிடாது. உடந்தையாளின் சொல் முக்கியமான செய்திகளில் வேறு சான்றால் வலுப்பெறாவிட்டால் அது நம்பத்தகாதது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் கூறியது. தத்துவமும் சட்டமும் இதுவரை ஒரே வழியில்தான் நடக்கின்றன.

அவை பிரியும் இடம் வினைப்பயன். முற்பிறவிகளில் ஈட்டிக் குவித்தது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்காக வந்தது பிராரத்தம், இப்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம் என்று வினை மூவகைப்படும். வினை அறிவற்ற சடம் ஆதலால், தானே செய்தவனைத் தேடிச் சென்று சேராது என்றும், எந்த வினையின் பயனை எவ்வுயிருக்கு எப்போது ஊட்டுவது என்பதை அறிந்து கூட்டுபவன் இறைவனே என்றும் சித்தாந்தம் வலியுறுத்துகிறது. இதிலிருந்து ஒரு முடிவு தப்பாமல் பின்தொடர்கிறது. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதற்கு அவ்விரண்டும் பிரியாமல் நிற்கும் உடன்நிகழ்ச்சி தெரிந்திருக்க வேண்டும். ஒருவருடைய துன்பத்தைக் கண்டு ‘ஏதோ ஒரு வினை உண்டு’ என்று கருதுவதற்கு இக்கோட்பாட்டில் இடமுண்டு; ‘இன்ன இரவில் இன்னாரைச் சுட்ட வினை’ என்று கருதுவதற்கு எந்த அளவையும் இல்லை. அந்த இணைப்பை அறிபவன் இறைவன் ஒருவனே என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதைத் திண்ணையிலிருந்து அறிவிப்பவர் எந்த இடத்தில் அமர்ந்து பேசுகிறார் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

சிங்கம்பட்டியின் பிற்கால வரலாறு இதற்குப் பொருத்தமான சோதனை. மணிமுத்தாறுக்கு மேலே உள்ள மாஞ்சோலை மலைக்காட்டில் 8,373 ஏக்கரை அந்த ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா வணிக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கொலைவழக்கின் செலவு ஏற்றிவைத்த கடனே காரணம் என்பது அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வழங்கும் செய்தி. வரவுசெலவுக் கணக்காக இருக்கும்வரை அதில் சிக்கலில்லை. அதையே தெய்வத்தின் தீர்ப்பாகக் கொண்டால், எதற்கான தண்டனை அது? கொலைக்கா, நண்பனுக்கு எதிராகச் சாட்சி சொன்னதற்கா, சொன்னது பொய் என்பதற்கா, மெய்யைச் சொல்லியும் கொலையைத் தடுக்காமல் விட்டதற்கா? ஒரே குத்தகைப் பத்திரம் ஒன்றுக்கொன்று முரணான நான்கு தீர்ப்புகளுக்கும் சான்றாக நிற்க முடியுமென்றால், அது எதற்குமே சான்றாகாது. மேலும், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம், கொலைவழக்கு என்றால் என்னவென்றே அறியாத ஜமீன்களையும் சேர்த்தேதான் எடுத்துக்கொண்டது.

திருநெல்வேலிப் பகுதி வழிபடும் இசக்கியின் கதையோடு பின்னிக்கிடக்கும் பழையனூர் நீலி கதை இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் வணிகனாகப் பிறந்து வர, நீலி கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். அவள் பேய் என்று அவன் அலறுகிறான். குழந்தை அவனிடம் தாவிச் செல்வதைக் கண்ட அச்சபையின் எழுபது வேளாளரும் பெண்ணின் சொல்லை நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைத்து, இருவரையும் ஒரே வீட்டில் இரவு தங்கச் செய்கின்றனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்க, எழுபது பேரும் தீயில் இறங்குகின்றனர்.

வினைக் கணக்கின்படி பார்த்தால் அவ்விரவில் அநியாயம் எதுவும் நடக்கவில்லை; கொன்றவன் கொல்லப்பட்டான். ஆயினும், நாங்கள் தெய்வத்தின் கருவியாக இருந்தோம் என்று அந்த எழுபது பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சோதிக்க முடியாத ஒரு சொல்லை நம்பி ஓர் ஆளை ஒப்படைத்தது தங்கள் பிழை என்றும், அவனுடைய பழைய வினை எதுவாயினும் தங்கள் பிழையை அது கழுவாது என்றும் அவர்கள் கொண்டதாகவே கதை நடக்கிறது. நீலியைத் தெய்வமாகக் கும்பிடும் மரபே அவளை நம்பியவர்களின் தீர்ப்பைத் தவறு என்று வைத்திருப்பது கவனிக்கத்தக்கது: தெய்வம் நின்று கொல்வதாகவே இருந்தாலும், தவறாகத் தீர்ப்புச் சொன்னவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

நியூயிங்டன் வழக்கில் இந்த அளவுகோல் இருவருக்கு இருவேறு வகையில் பொருந்துகிறது. கடம்பூர் இளைஞருக்குக் கையில் காட்ட ஒரு தீர்ப்பாவது இருந்தது. டோரதி டி லா ஹேயின் மீது வீசப்பட்ட பேச்சு எந்தச் சபையின் முன்னும் குற்றச்சாட்டாக வைக்கப்படவில்லை; வைக்கப்படாததால் அதை மறுக்கவோ, அதிலிருந்து விடுதலை பெறவோ அவருக்கு இடமே அமையவில்லை. அந்தப் பேச்சைப் பரப்பியவர்கள் எவரும் எதையும் பிணை வைக்கவுமில்லை.