சுட்டதா, கற்றதா?

சினிமாவில் ஒரு டியூன் வந்த உடனேயே, 'இது அங்கேர்ந்து சுட்டதாச்சே!' என்று துப்பறிகிற ஆள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதையே ஓர் ஓவியர் செய்தால் மரியாதையாக 'இன்ஸ்பிரேஷன்' என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் கோட்டை எங்கே போடுவீர்கள்?

பாரிஸின் லூவர் மியூசியம் 1793-ல் திறந்த நாளிலிருந்து ஓவியர்களை உள்ளே விட்டுக் காப்பி அடிக்க அனுமதிக்கிறது. செஸான் எல்லாம் அப்படிப் போய் வரைந்து பழகியவர்தான். இன்றைக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்டாண்டை நிறுத்தி வரையலாம். ஆனால், காப்பி அசலைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். அசல் ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. 'தாராளமா எடுத்துக்கோப்பா, ஆனா ஊரை ஏமாத்தாதே' என்கிற நியாயம். எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே பாரிஸில் வேறொரு கதை. 1907-ல் பிக்காஸோ டிரோகடெரோ மியூசியத்துக்குப் போனார். பராமரிப்பில்லாமல் நாற்றமடித்த கூடம். அங்கே ஆப்பிரிக்க முகமூடிகள். அப்போது அவர் கையில் இருந்த 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியத்தைப் புத்தகத்திலாவது பாருங்கள். ஐந்து பெண்களில் வலதுபக்கம் இருக்கிற இரண்டு பேர் முகத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

1920-ல் ஒரு பத்திரிகை ஆப்பிரிக்கக் கலை பற்றிக் கேட்டபோது, அப்படி ஒன்றைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டார் மனுஷர்! 1937-ல்தான் எழுத்தாளர் மால்ரோவிடம், ஓவியம் எதற்கு என்பதே அந்தக் கூடத்தில்தான் தனக்குப் புரிந்தது என்று மனம்விட்டுப் பேசினார்.

அவர் எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. பார்க்காமல், பாதிக்கப்படாமல் யார் எதைப் படைத்தார்கள்? 'தெரியாது' என்றாரே, அதுதான் உறுத்துகிறது. அந்த முகமூடியைச் செதுக்கியவனுக்கு அவன் ஊரில் பேர் இருந்திருக்கும். காலனி ஆட்சிக்காரர்கள் பொருளை அள்ளிவந்தபோது பேரை விட்டுவிட்டு வந்தார்கள். பேர் இல்லாதவனிடம் கடன் வாங்கினால் திருப்பிக் கேட்க ஆள் வராது என்பது எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

ரொம்ப தூரம் போவானேன்... நம் எழும்பூர் மியூசியத்தில் திருவாலங்காடு நடராஜர் இருக்கிறார். வார்த்த ஸ்தபதி யாரென்று தெரியாது. அவர் முன்னால் நின்று நீங்கள் கிறுக்குகிற நாலு கோடு நாளைக்கு ஒரு டான்ஸாகவோ, கவிதையாகவோ, நகை டிசைனாகவோ மாறலாம். 'இந்த ஐடியா எப்படி சார் வந்தது?' என்று பேட்டியில் கேட்பார்கள்.

ஸ்தபதி பேர் இல்லாவிட்டால் என்ன, ஊர்ப்பேர் இருக்கிறதே!