மனோராவில் ஒரு நிறுத்தம்

இராமநாதபுரத்திலிருந்து தொண்டி வழியாக வேளாங்கண்ணிக்குச் செல்வோர், மல்லிப்பட்டினத்தை நெருங்குகையில் சாலையை விட்டுக் கடற்பக்கம் சற்றே திரும்பினால், ஆறு கோணத்தில் எட்டு அடுக்காக எழுந்து நிற்கும் கோபுரம் ஒன்றைக் காணலாம். மனோரா என்பது அதன் பெயர். நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15இல் எழுப்பியது. எங்கோ ஐரோப்பாவில் வீழ்ந்தவனுக்கு நம் மீனவர் கரையில் எதற்கு நினைவுச்சின்னம்? அதுவும் 1799இல் தம் நாட்டு ஆட்சியையே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்ட மன்னர் கட்டியது! சிரிப்பதா, இரங்குவதா என்று திகைக்க வைக்கும் கட்டடம்.

ஆண்டுதோறும் நேர்ச்சைப் பயணத்தில் அவ்வழியே கடந்து சென்றோம். "கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாமே" என்று ஒருமுறை எங்கள் தாயார் கேட்டார். ஆண்டு முழுவதும் அடுப்படியை விட்டு நகராதவர். "மாதாவைப் பார்க்கப் போகும்போது வேடிக்கை எதற்கம்மா?" என்று மறுத்துவிட்டோம். அவ்வாறு மிச்சப்படுத்திய ஒரு மணி நேரத்தை விடுதி அறை வாடகைக்காகச் சச்சரவிட்டே கழித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் மறுப்புக்குப் பெரிய சாட்சி ஒருவர் உண்டு. புனித அகுஸ்தீனார், தம் வாழ்வை இறைவன் திருமுன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பகுதியில் ஒன்றைச் சொல்கிறார். நாய் முயலைத் துரத்தும் காட்சிக்காக அவர் இப்போது விளையாட்டரங்குக்குப் போவதில்லை. ஆனால் வழிப்பயணத்தில் அதுவே வயலில் கண்ணில் பட்டுவிட்டால், குதிரையைத் திருப்பாவிட்டாலும் உள்ளம் அதன்பின் ஓடிவிடுகிறதாம். வீட்டில் பல்லி ஈயைப் பிடிப்பதும் அவ்வாறே. அது படைத்தவரைப் புகழ்வதில் போய் முடிந்தாலும், பார்க்கத் தொடங்கியது அதற்காக அன்றே என்று வருந்துகிறார். பல்லியைக்கூட விட்டுவைக்காத மனச்சான்று!

புனித தோமா அக்குவினாரோ வேறொரு கதையை எடுத்துரைக்கிறார். சீடரோடு விளையாடிக்கொண்டிருந்த நற்செய்தியாளர் யோவானைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் வில் வைத்திருந்தவனை அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தான். "இடைவிடாது எய்வாயா?" என்றதற்கு, "வில் முறிந்துவிடுமே" என்றான். உள்ளமும் அத்தகையதே என்றார் யோவான். தானும் மகிழாமல் பிறர் மகிழ்வையும் தடுப்பவன் குற்றவாளி என்று அக்குவினார் மேலும் எழுதுவதைப் படித்தபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. அகுஸ்தீனார் கடிந்துகொண்டது தம் உள்ளத்தை. நாங்கள் கடிந்துகொண்டதோ தாயாருடையதை.

பின்னோர் ஆண்டு மனோராவில் வேனை நிறுத்தினோம். அதற்குள் மூட்டுவலி முற்றி, தாயாரால் இறங்க இயலவில்லை. பிள்ளைகள் ஓடிப் பார்த்து வந்து, மூச்சிரைக்க, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு அவரிடம் கதை சொன்னார்கள். தாயார் வாய்விட்டுச் சிரித்தார்.

"தோற்றவர் பிறகு என்ன ஆனாராம்?"

"கடல் நடுவே ஒரு தீவிலே சிறையிருந்து செத்துப்போனாராம், பாட்டி."

வேன் புறப்பட்டது. செபமாலையின் அடுத்த பத்து மணிகளைத் தொடங்குமுன், "தீவிலே செத்த அந்த மனுசனுக்கும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார் தாயார்.