கருவியின் சாட்சியும் நோயாளியின் சொல்லும்

நோயாளியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடக் கேட்காமலே தெரிந்துகொள்வது மேல் என்ற எண்ணம் மருத்துவ ஆய்வில் சத்தமில்லாமல் வேரூன்றி வருகிறது. கைக்கடிகாரம் நாடித்துடிப்பை எண்ணுகிறது. திரை எத்தனை மணிக்கு அணைந்தது, ஆள் எவ்வளவு தூரம் நடமாடினார், பக்கத்தில் பேச்சுக்குரல் எவ்வளவு நேரம் கேட்டது என்றெல்லாம் கைபேசி குறித்துக்கொள்கிறது. இப்படித் தானாகச் சேரும் தரவுக்குத்தான் மதிப்பு, “உங்களுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டு வாங்கும் பதில், வேறு வழியில்லாதபோது வைத்துக்கொள்ளும் இரண்டாந்தரச் சரக்கு. இந்த வரிசை சரிதானா என்பதைத் தொழில்நுட்பத்தால் மட்டும் தீர்க்க முடியாது. எதை ஆதாரமாகக் கொண்டு ஒன்றை அறிந்தோம் என்று சொல்கிறோம் என்ற பழைய தத்துவக் கேள்வி இதற்குள் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதி, கடவுளைப் பற்றிப் பேசுமுன் அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளைப் பற்றிப் பேசுகிறது. அளவைகள் எத்தனை என்பதில் சமயத்துக்குச் சமயம் கணக்கு மாறும்; பொருளுலகை மட்டுமே ஏற்கும் உலகாயதர் காட்சி ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். சித்தாந்தம் காட்சி (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (பிறர் சொல்லால் அறிவது) என்ற மூன்றில் எல்லாவற்றையும் அடக்குகிறது. காட்சியையும் அது நான்காகப் பிரிக்கிறது. கண், காது முதலான வாயில்களால் அறிவது ஒன்று. இன்ப துன்பங்களை உயிர் தானே உணர்வது இன்னொன்று. அதற்குத் தன்வேதனைக் காட்சி என்று பெயர். வலி, அசதி, மனச்சோர்வு எல்லாம் இந்த வகையில்தான் சேரும். பட்டவருக்கு அது காட்சி. மற்றவர்களுக்கு, மருத்துவருக்கும் கடிகாரத்துக்கும் சேர்த்துத்தான், அது கருதலாகவோ உரையாகவோ மட்டுமே வந்து சேரும். சித்தாந்திகள் உரை என்றபோது ஆகமத்தைத்தான் முதலில் நினைத்தார்கள், நோயாளியின் புலம்பலை அல்ல; அதை மறைக்கக் கூடாது. ஆனால் நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், ஒன்றை நேரில் அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவரின் சொல்லை அளவையாக ஏற்கிறார். முனிவரானாலும் மிலேச்சரானாலும் இந்த இலக்கணம் ஒன்றே என்கிறார். நோயாளி உள்ளே வர அந்தக் கதவு போதும்.

கருவி காண்கிறது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் கருதல்தான். ஆப்பிள் கைக்கடிகாரத்தை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய இதய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். முடிவுகள் 2019இல் வெளிவந்தன. அந்தக் கடிகாரம் இதயத்தைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, தோலுக்கடியில் ரத்தம் பெருகி வடியும்போது திரும்பி வரும் ஒளி கூடுவதையும் குறைவதையும் அளந்து, அதிலிருந்து துடிப்பின் ஒழுங்கை ஊகிக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரல்நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் அந்த இனமே. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோதும், ரத்தத்தை நேராகச் சோதித்தால் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இருந்த சந்தர்ப்பங்கள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். புறவயமானது என்று நாம் நம்பிய எண், ஆளின் தோல் நிறத்தைப் பொறுத்துத் தவறியிருக்கிறது.

மனநல ஆய்வில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2013இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 48 மாணவர்களின் கைபேசித் தரவை 10 வாரம் திரட்டிய ஸ்டூடன்ட்லைஃப் ஆய்வு இத்துறைக்கு முன்னோடி. தூக்கத்துக்கும் பேச்சுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதாக அது கண்டது. சரி, யார் சோர்ந்திருந்தார் என்பது ஆய்வாளர்களுக்கு எப்படித் தெரிந்தது? பிஎச்கியூ-9 என்ற படிவத்தால். கடந்த இரண்டு வாரத்தில் மனம் தளர்ந்திருந்ததா, தூக்கம் கெட்டதா என்று ஒன்பது கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள், உச்சம் 27. ஆக, மாணவர் வாய்ச்சொல்தான் அடித்தளம், கைபேசிக் கணக்கு அதன்மேல் எழுப்பிய மாடி. மாடியில் ஏறி நின்றுகொண்டு அடித்தளத்தை நம்ப முடியாது என்று சொல்வதில் என்ன நியாயம்? இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று நோயாளி சொல்கிறார், கடிகாரம் ஏழு மணி நேரத் தூக்கம் என்கிறது என்று வையுங்கள். தரவைச் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் அவருடைய பதிலைப் பிழையாகக் கருதித் தள்ளிவிட்டால், தள்ளப்பட்டது தன்வேதனைக் காட்சிக்கு இருந்த ஒரே சாட்சி.

மனிதர்கள் பொய் சொல்வார்களே, மறப்பார்களே என்ற மறுப்பு வலுவானது. அதற்கு 2002இல் வெளிவந்த ஒரு சான்றும் உண்டு. ஆர்தர் ஸ்டோன், சால் ஷிஃப்மன் முதலியோர் நாள்பட்ட வலியுள்ள 80 பேரில் பாதிப்பேரிடம் காகிதக் குறிப்பேடும் மீதிப்பேரிடம் மின்னணுக் குறிப்பேடும் கொடுத்தார்கள். காகிதக் குறிப்பேட்டின் உறையில், எப்போது திறக்கப்பட்டது என்பதைப் பதியும் ஒளியுணரி இருந்தது. குறித்த வேளைகளில் எழுதியதாகக் காகிதக்காரர்கள் காட்டிய கணக்கு 90 சதவீதம்; உணரி காட்டியது 11 சதவீதம். ஒருநாள் முழுக்கத் திறக்காத ஏட்டிலும் அன்றைய வலி எழுதப்பட்டிருந்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதிலிருந்து என்ன தேறுகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பொய்யானது எழுதிய நேரம். வலி எவ்வளவு என்பதைப் பற்றி ஒளியுணரிக்கு ஒன்றுமே தெரியாது; உறை திறந்ததா மூடியதா என்பதோடு அதன் அறிவு தீர்ந்தது. மின்னணுக் குறிப்பேடு ஒலியெழுப்பி நினைவூட்டி, அப்போதே பதில் வாங்கியது. அதில் குறித்த வேளையில் எழுதிய பதிவுகள் 94 சதவீதம். கேட்பதை நிறுத்தி வந்த முன்னேற்றம் அல்ல இது, ஒழுங்காகக் கேட்டு வந்தது.

இன்னொரு மறுப்பை நான் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். இதய மேலறைத் துடிப்பு தாறுமாறாவது பலருக்குத் தெரிவதே இல்லை. சிலருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும். அங்கே ஆளைக் கேட்டுப் பயனில்லை, கடிகாரம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கைக்குழந்தையும் மறதிநோய் முற்றியவரும் சொல்ல முடியாதவர்கள். அவர்களுக்காகக் கருதலை நாடுவது கடமை. ஆனால் சொல்ல முடியாதவருக்கு உதவும் முறையை, சொல்லக்கூடியவரின் வாயை மூடப் பயன்படுத்துவது வேறு. உடலில் நடப்பதைக் கருவி அவரைவிட நன்றாக அறியலாம். அது அவருக்கு எப்படி இருக்கிறது என்பதில் அவர் சொல்லே முதல். நாளுக்குப் பத்து முறை மணியடித்தால் யாரும் சலித்துப்போவார்கள்தான். அதற்குக் குறைத்துக் கேட்கலாம், அவர் பேச்சுமொழியிலேயே கேட்கலாம், பிடிக்காதபோது பதில் சொல்லாமல் இருக்கவும் விடலாம். ஆய்வறிக்கையில், கடிகாரமும் ஆளும் முரண்பட்ட பதிவுகள் எத்தனை, அவற்றில் யார் சொல்லை ஏற்றார்கள், ஏன் என்பதையும் எழுதட்டும்.